மகள் கட்டுரை வாசிக்கப் போகிறார்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தையும், வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மகள் இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிக் கருத்தரங்கு ஒன்றுக்காக எழுதிய ஆய்வுச் சுருக்கத்தையும், அந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழையும் படித்தேன். காலையில் சுருக்கத்தை அனுப்பியிருக்கிறார், மாலையிலேயே 'தங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது, 4,500 ரூபாய் கட்டவும்' என்று பதில் வந்திருக்கிறது. கட்டலாமா, இதெல்லாம் முனைவர் பட்டத்துக்குக் கட்டாயமா, வெளியூருக்குத் தனியாக அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். கட்ட வேண்டாம்.

கட்டணம் கேட்பதால் இதைச் சொல்லவில்லை. நல்ல மாநாடுகளும் பதிவுக் கட்டணம் வாங்கத்தான் செய்கின்றன. ஆனால் இந்த அழைப்பிதழில் தமிழ், வணிகவியல், நானோ தொழில்நுட்பம், செவிலியர் கல்வி எல்லாம் ஒரே நாளில், ஒரே அரங்கில் நடக்கின்றன. கண்மாய் பற்றிய கட்டுரையை அங்கே யார் உட்கார்ந்து மதிப்பிடுவார்கள்? ஒழுங்காக நடத்துபவர்கள் நாலு பேரிடம் கொடுத்துப் படித்துப் பார்த்து முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும். மதிப்பீட்டுக் குழுவில் யார் யார், எந்தத் துறை என்று பெயரோடு போட்டிருப்பார்கள். 2005-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர், கணினி நிரல் ஒன்றை வைத்துத் தலையும் வாலும் இல்லாத ஒரு கட்டுரையைத் தயாரித்து அனுப்பினார்கள். ஒரு பன்னாட்டு மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அனுப்பிய அன்றே ஏற்பு வரும் இடத்தில் நடப்பதும் அதுதான். 'ஸ்கோபஸ் இதழில் வெளியீடு உறுதி' என்று வேறு போட்டிருக்கிறார்கள். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் ஒரு பன்னாட்டுப் பட்டியல். படித்துப் பார்ப்பதற்கு முன்பே வெளியீட்டை உறுதி செய்யும் இதழில் வந்து என்ன பயன்?

அடுத்து, கட்டாயமா என்ற கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை இதழில் வந்திருக்க வேண்டும், இரண்டு கட்டுரை கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் தனிப்பட்ட பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்திருக்கலாம், அதனால் மகளைத் தம் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்கு மதிப்பெண் கிடைக்குமா என்பதும் உங்கள் மனத்தில் இருக்கும். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தேர்ந்தெடுக்க அதே மானியக் குழுவின் 2018 விதிகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. இதழில் வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. கருத்தரங்கில் வாசித்த கட்டுரைக்கென்று அதில் தனி வரியே கிடையாது. ஃபைல் நிறைய சர்டிபிகேட்டும், ஐ.எஸ்.பி.என். என்ற பன்னாட்டு நூல் எண் போட்ட தொகுப்பு நூல்களும் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பார்த்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அப்புறம் எதற்குத்தான் போவது? எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்காக. இராமநாதபுரம் ஜமீன் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தக் காகிதக் கட்டுக்குள் கிடக்கின்றன என்பது தேநீர் இடைவேளையில் ஒரு மூத்த ஆய்வாளர் வாயிலிருந்து வரும். நாளைக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வியை இன்றைக்கே யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்காகச் செலவு செய்யலாம், தப்பில்லை.

இனி நான் எழுதுவதை மகளிடமே காட்டிவிடுங்கள்.

உங்கள் சுருக்கம் 250 சொற்கள். அதில் பாதி சங்க காலத்தில் தொடங்கி, கல்லணை வழியாக, குடிமராமத்துக்கு வந்து சேரவே போய்விடுகிறது. படிப்பவர் அன்று இதுபோல நாற்பது ஐம்பது சுருக்கம் படிக்க வேண்டியவர். தமிழர் நீர் மேலாண்மையில் சிறந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. 'ஆராய முற்படுகிறது' என்று மூன்று இடத்தில் வருகிறது, என்ன கிடைத்தது என்பது ஓர் இடத்திலும் இல்லை. கடைசிக்கு முந்திய வரியில், போகிற போக்கில், 'மூன்று கண்மாய்களின் நீர்ப்பாய்ச்சிகளிடம் நேர்காணல் செய்யப்பட்டது' என்கிறீர்கள். உங்கள் சரக்கே அதுதான். அதைக் கொண்டுபோய் வாலில் கட்டியிருக்கிறீர்கள்!

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்: 'எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை ஊர் சார்பில் பார்த்துக்கொண்டவர் நீர்ப்பாய்ச்சி. கண்மாய்கள் அரசுத் துறையின் பொறுப்புக்குப் போனபின் இந்த வேலை அழிந்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. முதுகுளத்தூர் வட்டாரத்தின் மூன்று கண்மாய்களில் எடுத்த நேர்காணல்களும் ஊர்க் கணக்குகளும் வேறொன்றைக் காட்டுகின்றன. வேலை நிற்கவில்லை, நெல்லாகக் கொடுத்த கூலி பணமாக மாறியது, ஆளை நியமிக்கும் உரிமையும் கை மாறியது.' நீங்கள் களத்தில் கண்டது வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். ஆனால் வரிசை இதுதான்: எதைப் பற்றி, இதுவரை என்ன நினைத்திருக்கிறார்கள், உங்கள் கையில் என்ன ஆதாரம், அது என்ன சொல்கிறது. ஐந்தாறு வாக்கியத்தில் முடிந்துவிடும். மீதிச் சொற்களை ஆதாரத்துக்குக் கொடுங்கள். எத்தனை பேரிடம் பேசினீர்கள், ஊர்க் கணக்கு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கிடைத்தது என்று எழுதுங்கள். இன்னும் போகாத கிராமத்தைச் சேர்க்காதீர்கள். மாநாட்டுக்கு முன்பே அங்கே போய்வந்துவிடலாம் என்று தோன்றும், பருவமழை வந்தால் போக முடியாது.

தலைப்பும் நீளம். 'ஒரு வரலாற்றுப் பார்வை' என்ற வாலை வெட்டிவிடுங்கள். வரலாற்றுத் துறை மாணவி வேறெந்தப் பார்வை பார்ப்பார்? மாநாட்டின் பொருளை ஒருமுறை படித்துவிட்டு, அதோடு உங்கள் கட்டுரை எங்கே ஒட்டுகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே அனுப்ப வேண்டாம். தன்குறிப்பு கேட்டால் 50 சொல் போதும். பிறந்த தேதி, தந்தை பெயர் எல்லாம் பயோடேட்டாவுக்கு உரியவை. அனுப்பும் முன் உங்கள் ஆய்வு நெறியாளரிடம் காட்டிவிடுங்கள். அவர் பெயரை இணை ஆசிரியராகப் போடுவதா என்பது சங்கடமான விஷயம்தான். அவர் எழுத்தில் பங்கெடுக்கவில்லை என்றால் நன்றி சொல்வதுதான் முறை என்பது என் கருத்து, ஆனால் உங்கள் துறையில் என்ன வழக்கம் என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

எங்கே அனுப்புவது? தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையின் ஆண்டுக் கூட்டம் முதல் மேடைக்கு நல்ல இடம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் புரிந்துகொள்ளும் ஆட்கள் அங்கே இருப்பார்கள். அடுத்தது 1935-இல் புனேயில் தொடங்கிய இந்திய வரலாற்றுப் பேராயம். பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் கூடும். உறுப்பினராகச் சேர்ந்தால்தான் கட்டுரை வாசிக்க முடியும். அமெரிக்காவில் மேடிசன் நகரில் அக்டோபரில் நடக்கும் தெற்காசிய மாநாட்டை ஆய்வின் நான்காம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே சுருக்கத்தை நாலு இடத்துக்கு அனுப்பிவிட்டு, ஏற்றுக்கொண்ட இடத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நிகழ்ச்சி நிரலில் பெயர் இருந்து ஆள் இல்லை என்றால், அமர்வுத் தலைவருக்கு அந்தப் பெயர் நினைவில் நிற்கும். சுருக்கம் திரும்பி வந்தால் காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். போடுபவர்கள் சொல்வது உபயோகமாக இருக்கும்.

ஏற்றுக்கொண்டால் வாசிக்க 15 நிமிடம் கிடைக்கும். தமிழில் நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய 1,500 சொல். மணி அடித்தபின் முடிவுரையை மூச்சுவிடாமல் படிப்பது யாருக்கும் கேட்காது.

மறுபடி உங்களிடம் வருகிறேன், ஐயா. செலவு பற்றி: மகள் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கலைப் பிரிவுக்கு உதவித்தொகையோடு இதர செலவுக்கு முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதன்பின் 20,500 ரூபாய் உண்டு. பயணச் செலவை அதில் காட்டலாமா, முன் அனுமதி வேண்டுமா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்கட்டும். ரசீது, கலந்துகொண்ட சான்று இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று அமைப்பாளரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தனியாக அனுப்புவது பற்றி என்ன சொல்ல? முதுகுளத்தூர்ப் பக்கம் பஸ் மாறி மாறிப் போய், முன்பின் தெரியாத ஊர்ப் பெரியவர்களிடம் கணக்கு நோட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். கல்லூரி விருந்தினர் விடுதியில் இரண்டு இரவு தங்குவது அவருக்கு ஒரு சிரமமே இல்லை. உங்களுக்கு மனம் கேட்கவில்லை என்றால், அதே துறையிலிருந்து போகும் இன்னொரு மாணவியோடு சேர்ந்து டிக்கெட் எடுக்கட்டும். பதிவுப் படிவத்தில் 'தங்குமிடம் தேவையா' என்ற இடத்தை மட்டும் காலியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் விடுதி நிரம்பியிருக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜைத்தான் கை காட்டுவார்கள்.