ஜெர்மனியில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களுடன் அஞ்சலட்டை பரிமாறிக்கொள்வது எப்படி? எல்லோரும் படிக்கக்கூடிய அட்டையில் என்னதான் எழுதுவது?

நான் மயிலாடுதுறையில் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளாக இந்தப் பழக்கம் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து மட்டும் இதுவரை 83 அட்டைகள் வந்திருக்கின்றன. வந்து சேர்ந்த தேதியை ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் குறித்து வைப்பதால் கணக்கு தவறுவதில்லை.

பெரும்பாலானவை போஸ்ட்கிராசிங் என்ற இணையதளத்தின் வழியாக வந்தவை. போர்ச்சுகலைச் சேர்ந்த பாவ்லோ மகல்யாயிஸ் 2005 ஜூலையில் தொடங்கிய தளம் அது. நீங்கள் யாருக்கு அனுப்புகிறீர்களோ அவரே உங்களுக்குத் திருப்பி அனுப்புவார் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அப்படி இல்லை. நீங்கள் கேட்டதும் தளம் ஒரு முகவரியையும் ஓர் அடையாள எண்ணையும் தரும். அந்த எண்ணை அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அட்டை கிடைத்தவர் அதைத் தளத்தில் பதிந்த பிறகு, வேறு ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் மூன்றாம் நபர் ஒருவருக்கு உங்கள் முகவரி போகும். தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகளை மட்டுமே பயணத்தில் வைத்திருக்கலாம். நாட்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆனால் ஜெர்மனியில் உறுப்பினர்கள் மிகுதி என்பதால் அந்நாட்டு முகவரிகள் அடிக்கடி வாய்க்கும். அவர்களில் சிலர் நேரடிப் பரிமாற்றத்துக்கும் தயார் என்று தங்கள் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்கலாம். ஆனால் ஜெர்மனியிலிருந்து வெளிநாட்டுக்கு ஓர் அட்டை அனுப்ப 2025 ஜனவரி முதல் 1.25 யூரோ ஆகிறது. அதற்கு முன் 95 சென்ட் இருந்தது. எனவே ஒருவரிடமே அடுத்தடுத்துக் கேட்பதை நான் தவிர்க்கிறேன்.

திறந்த அட்டை குறித்த உங்கள் தயக்கம் அஞ்சலட்டையைவிடப் பழையது. உறையில்லாத தாளில் செய்தி அனுப்பலாம் என்ற யோசனையை 1865இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய அஞ்சல் மாநாட்டில் முன்வைத்தவர், பிரஷ்ய அஞ்சல் அதிகாரியான ஹைன்ரிச் ஃபான் ஸ்டெஃபான். பிறர் கண்ணில் படும்படி எழுதுவது முறையல்ல என்ற எதிர்ப்பும் சேர்ந்து அந்த யோசனை அன்று எடுபடவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1869 அக்டோபர் 1 அன்று, ஆஸ்திரியா முந்திக்கொண்டது. வட ஜெர்மன் கூட்டமைப்பில் 1870 ஜூலை 1 அன்று அட்டை நடைமுறைக்கு வந்தது. சரியாக ஒன்பது ஆண்டுகளில், அதே ஜூலை 1 அன்று, நம் நாட்டிலும் காலணா கார்டு வந்துவிட்டது. தபால்காரர் படித்தாலும் கவலையில்லை என்று தோன்றுவதை மட்டுமே நான் எழுதுகிறேன். தொலைபேசி எண், ஊருக்குப் போகும் தேதி போன்றவற்றை எழுதுவதில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என்ன எழுதுவது என்பதுதான் உண்மையான கேள்வி. என் முதல் அட்டையில் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தையும் அதைக் கட்டிய மன்னன் பெயரையும் எழுதி அனுப்பினேன். நன்றி என்று ஒரே வரியில் பதில் வந்தது. பாடப்புத்தகத்தின் பக்கத்தைக் கிழித்து அனுப்பினால் வேறென்ன வரும்! அதன் பிறகு ஹூசும் என்ற வடகடல் ஓரத்து ஊரிலிருந்து எனக்கு ஓர் அட்டை வந்தது. முன்பக்கத்தில் கலங்கரை விளக்கம். பின்பக்கத்தில் தேதி, அதை அடுத்து 4 டிகிரி என்று அன்றைய குளிர், பிறகு இவ்வளவுதான்: பக்கத்து வீட்டுக் கோழி தங்கள் தோட்டத்துக்கு வந்து முட்டையிட்டுவிட்டது, அந்த முட்டை யாருக்குச் சேரும் என்று இரண்டு வீட்டாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்திராத ஊரின் ஒரு வேலி எனக்கு அந்த ஐந்து வரிகளில் தெரிந்துவிட்டது. அதைப் படித்த பின்புதான் என் கையும் திருந்தியது. ஐப்பசிக் கடைமுகத்தன்று காவிரித் துலாக்கட்டத்தின் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்பியதை எழுதினேன். அட்டையைப் பதிந்த பெண்மணி கடைமுகம் என்றால் என்ன என்று கேட்பதற்கு முன், செருப்பு கிடைத்ததா என்று கேட்டிருந்தார்.

முகவரியில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். நேரடிப் பரிமாற்றம் ஒன்றில் எதிரில் இருந்தவரின் முதற்பெயரை மட்டும் போட்டு, தெரு, வீட்டு எண், ஊர் எல்லாவற்றையும் சரியாக எழுதி அனுப்பினேன். அட்டை போய்ச் சேரவே இல்லை. அடுக்குக் குடியிருப்புகளில் நம்மைப் போலக் கதவு எண் எழுதும் வழக்கம் அங்கே பெரும்பாலும் இல்லை என்பதையும், கீழே வரிசையாக இருக்கும் அஞ்சல் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள் என்பதையும் அவர்தான் விளக்கினார். தெருப் பெயருக்குப் பின்னால் வீட்டு எண், ஊர்ப் பெயருக்கு முன்னால் ஐந்து இலக்க அஞ்சல் எண், கடைசி வரியில் நாட்டின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வரும் அட்டைகளைப் படிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஜெர்மானியர்கள் 1 என்ற எண்ணைத் தலையிலிருந்து நீளமாக ஒரு கோட்டைக் கீழே இழுத்து எழுதுவார்கள். நம் கண்ணுக்கு அது அப்படியே 7. அவர்களுடைய 7 எழுத்தின் இடையில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். இது தெரியாமல் ஓர் அட்டையின் அடையாள எண்ணை நான்கு நாட்கள் தவறாகவே பதியப் பார்த்து, அனுப்பியவரின் மேல் மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டிருந்தேன். அட்டை 60 நாட்களில் சேராவிட்டாலும் பதற வேண்டாம். அனுப்பிய நாளிலிருந்து ஓராண்டு வரை அதைப் பதியலாம். எனக்கு மிகத் தாமதமாக வந்தது 74ஆம் நாளில், மழையில் ஊறி மை பரவிய நிலையில்.

எந்தப் படம் போட்ட அட்டையை அனுப்புவது என்று கேட்டால், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிடைப்பதை அனுப்புங்கள் என்பேன். தரங்கம்பாடிக் கோட்டை அட்டை ஒன்று குலுக்கலில் ஹாலே நகரத்து முகவரிக்குப் போனது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு படித்த ஊர் அது; அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. இதெல்லாம் அட்டை கிடைத்தவருக்கு முன்பே தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் பள்ளி நாட்களில் பார்த்த ஓலைகள் எந்தக் கடற்கரையிலிருந்து வந்தன என்பதை இன்றுதான் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார்.

தளம் எதுவும் வேண்டாம் என்றால் இன்னொரு முகவரி இருக்கிறது. வடக்கே ஆய்ட்டின் நகரத்துக்கு அருகில் தோடாவர் காட்டில் நிற்கும் ஓர் ஓக் மரம்; மணமகன் ஓக் என்று பெயர். 1927 முதல் அதற்குத் தனி அஞ்சல் முகவரி உண்டு. தபால்காரர் ஏணியில் ஏறி மரப்பொந்தில் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போவார். வருகிறவர் யாரும் எடுத்துப் படிக்கலாம், பிடித்தால் பதில் எழுதலாம், பிடிக்காததைப் பொந்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். துணை தேடுவோர்தாம் அதிகம் எழுதுவார்கள். நான் கல்யாணமாகி இருபது ஆண்டுகள் ஆனவன் என்பதை முதல் வரியிலேயே தெளிவுபடுத்திவிட்டு, எங்கள் தெருமுனைப் புங்கமரத்தைப் பற்றி எழுதிப் போட்டேன். ஐந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் பதில் வரவில்லை.