நோர்டிக் இசை விழாக்களில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை விட சின்னக் குழுக்களே ஏன் அதிகம் தெரிகின்றன?

கேள்வி நோர்டிக் மியூசிக் டேஸ் பற்றியது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து நாட்டு இசையமைப்பாளர்களின் புதுப் படைப்புகளுக்கான விழா அது. 1888-இல் கோபன்ஹேகனில் தொடங்கியது. ஆர்க்கெஸ்ட்ராக்களும் அதில் வாசிப்பதுண்டு. ஆனால் அவற்றுக்கு ஒத்திகை நேரம் குறைவு, செலவும் அதிகம். புதுப் படைப்புக்கோ நிறைய ஒத்திகை வேண்டும்.

ஆஸ்லோவின் சிக்காடா குழுவைப் பாருங்கள். 1989-இல் உருவானது. புல்லாங்குழல், கிளாரினெட், பியானோ, தாளக் கருவிகள், ஐந்து தந்திக் கருவிகள், ஒரு நடத்துநர். ஆக மொத்தம் பத்தே பேர். இதற்கு 2005-இல் நோர்டிக் கவுன்சிலின் இசைப் பரிசு கிடைத்தது, முழுத் தகுதியோடுதான் என்பேன். இப்படிப்பட்ட குழுவில் ஒவ்வொரு கருவிக்கும் ஒருவர்தான், யார் பின்னாலும் ஒளிய முடியாது. வயலின்காரர் வில்லைக் குதிரைக்கு, அதாவது கம்பிகளைத் தாங்கும் சின்ன மரத்துண்டுக்கு, மிக அருகில் வைத்து இழுப்பார். சுரம் உடைந்து கரகரப்பு வரும். பியானோக்காரர் எழுந்து உள்ளே குனிந்து கம்பிகளை விரலால் மீட்டுவார். இதெல்லாம் முறையாகக் குறிப்பில் எழுதியிருப்பதுதான். அந்த ஒலி எப்படி வர வேண்டும் என்று ஒத்திகையிலேயே இசையமைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இசையமைப்பாளர் உயிரோடு, பக்கத்திலேயே இருக்கிறார் என்பதுதான் புது இசையின் பெரிய வசதி.

அப்புறம், பின்லாந்தின் அவந்தி (1983), ஐஸ்லாந்தின் கபுட் (1987) குழுக்களையும் கேளுங்கள். இரண்டையும் தொடங்கியவர்கள் அப்போது இளைஞர்களாக இருந்த கலைஞர்களே.