வீட்டுக்குப் போகணும் என்கிறாள். செவிலியர் ஏன் தயங்குகிறார்?

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஏழு வயது. மூளைக் கட்டி. இனிச் சிகிச்சை பலன் தராது என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டுக்குப் போகணும்" என்று அவளே கேட்கிறாள். பெரிய டாக்டர் சரி என்கிறார். வார்டு செவிலியர் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் உங்கள் அக்கா என்ன செய்வார் என்று யோசிப்பவர் அந்தச் செவிலியர்தான்; வார்டில் அந்த நேரத்தில் ஓடி வருபவரும் அவரே. நானும் பல வருடம் அந்த இடத்தில் நின்று தயங்கியவள். 'கைகழுவிவிட்டார்கள்' என்று பெற்றோர் நினைத்துவிடுவார்களோ என்று பயந்து பேச்சையே எடுக்காமல் தள்ளிப்போடுவோம். அதற்குள் குழந்தை பயணம் தாங்காத நிலைக்குப் போய்விடும். ஆகவே அவரிடம், "வீட்டில் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், சிஸ்டர்?" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தயார் செய்ய வேண்டியதெல்லாம் அதில் வந்துவிடும்.

மூளைக் கட்டி என்றால் அந்தப் பட்டியலில் வலிப்பு, தலைவலி, வாந்தி மூன்றும் முதலில் வரும். வலிப்புக்கு மிடசோலம் மருந்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விடலாம், ஊசி தேவையில்லை. சில நிமிடங்களில் அடங்காவிட்டால் அடுத்து என்ன என்பதையும் எழுதி வாங்குங்கள். வலிக்கு மார்ஃபின் திரவம். அதைக் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்ற பேச்சு குடும்பங்களில் மட்டுமா, வார்டிலும் உண்டு. எடையும் வலியும் பார்த்து அளவாகக் கொடுத்தால் அப்படி ஆவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் உங்கள் அக்கா ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, தட்டிக் குமிழியைப் போக்கி, கோட்டுக்கு நேராக நிறுத்திச் செவிலியரிடம் காட்டட்டும். மூன்று தடவை. மூன்றாவது தடவை கை நடுக்கம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்; பார்த்துக்கொண்டு நிற்பவரின் தயக்கமும் கூடவே குறையும்.

கடைசி நாட்களில் கைகால் சில்லிடும், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரக்கும். கேட்பவர்கள் துடித்துப்போவார்கள், மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் அது தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இதையெல்லாம் முன்பே கேட்டறியாத வீட்டில்தான் யாராவது பதறி ஆம்புலன்ஸை அழைப்பார்கள். வந்தவர்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். அது வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுத்திருந்தால், மருத்துவர் கையெழுத்திட்ட தாள் சட்டென்று எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். இறப்பை உறுதிசெய்து சான்று தருவது யார் என்பதையும் இப்போதே கேளுங்கள். கேட்க வாய் வராதுதான். செவிலியரையே பேச்சை எடுக்கச் சொல்லுங்கள்.

மனம் மாறினால் நேராக வார்டுக்கே திரும்பலாமா? ராத்திரியில் எடுக்கிற ஒரு தொலைபேசி எண் உண்டா? இந்த எண் இல்லாமல் எந்தக் குழந்தையையும் அனுப்பக் கூடாது என்பது என் கட்சி.

கிளம்புவதற்கு அரை மணி முன்பு வலி மருந்து கொடுத்துவிடச் சொல்லுங்கள். வழியிலேயே உயிர் பிரியவும் கூடும். அப்படியானால் வண்டி வீட்டுக்கா, திரும்பி மருத்துவமனைக்கா என்பதைப் பெற்றோர் முடிவு செய்து, கூட வரும் செவிலியரிடமும் ஓட்டுநரிடமும் முன்பே சொல்லிவிடட்டும்.