மாதிரி விமானம்: வாசகர் கேள்வி – பதில்

பல்லடம் வாசகர்: ஏனுங்க, 1.2 மீட்டர் இறக்கை இருக்கற ஃபோம் டிரெய்னர் வெச்சிருக்கறேன். எலிவேட்டரை (வாலுல மூக்கை மேல கீழ ஆட்டற மடல்) மட்டமாக்க ரேடியோவுல (கையில வெச்சிருக்கற ரிமோட்) சப்-டிரிம் நெறைய வெக்க வேண்டியதாப் போச்சு. இப்ப மேல போற அளவுக்குக் கீழ போக மாட்டீங்குது. சர்வோ (மடலை அசைக்கற குட்டி மோட்டார்) போயிருச்சுங்களா?

சர்வோ நன்றாகத்தான் இருக்கும். சப்-டிரிம் நடுப்புள்ளியையே ஒரு பக்கம் தள்ளிவிடும். அந்தப் பக்கம் ஓட இடம் குறைந்துபோகும். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். டிரிம், சப்-டிரிம் இரண்டையும் பூஜ்யமாக்கி, எண்ட் பாயிண்ட்டை (சர்வோ எவ்வளவு தூரம் ஓடலாம் என்ற வரம்பு) 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, விமானத்தில் இருக்கும் ரிசீவருக்குக் கரண்ட் கொடுங்கள். சர்வோ நடுவில் வந்து நின்றதும் அதன் அச்சில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கையைக் கழற்றி, புஷ்ராடுக்கு (சர்வோவையும் மடலையும் இணைக்கும் கம்பி) செங்குத்தாக மாட்டுங்கள். சர்வோ அச்சில் ஒரு பல் நகர்த்தினால் அதிகம், விட்டால் குறைவு என்று இழுபறியானால், சிலுவை வடிவக் கையை எடுத்து நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பற்கள் 21, 25 என்று நாலால் வகுபடாத எண்ணிக்கையில் இருப்பதால் ஒவ்வொரு முனையும் கால் பல் வித்தியாசத்தில் நிற்கும். ஒன்று அமைந்துவிடும், மிச்சம் மூன்றை வெட்டிவிடலாம்.

பிறகு கிளெவிஸை (புஷ்ராடு முனையில் உள்ள திருகுக் கொக்கி) திருகி எலிவேட்டரை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குமேல் மிஞ்சும் இம்மியளவுக்கு மட்டுமே சப்-டிரிம். ஹார்ன் (மடலில் புஷ்ராடு மாட்டும் கொம்பு) துளைகள் கீலுக்கு நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பின்தள்ளி ஒட்டியிருந்தால் மேலும் கீழும் சமமாக வராது.

அசைவு அதிகம் என்று எண்ட் பாயிண்ட்டை 50-க்கு இறக்குவது சோம்பேறி வழி. சர்வோ கையில் உள் துளை, ஹார்னில் வெளித் துளை என்று புஷ்ராடை மாற்றுங்கள். இணைப்புகளின் லொடலொட ஆட்டமும் குறையும். பின் விளிம்பில் அளந்து மேலே 10 மி.மீ., கீழே 10 மி.மீ. வைத்துத் தொடங்கலாம். எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம்: ஃபுடாபா ரேடியோவில் மைனஸ், ஸ்பெக்ட்ரம் ரேடியோவில் பிளஸ். மாற்றிப் போட்டால் ஸ்டிக்கைத் தொட்டதுமே துள்ளும்.

ஈரோடு வாசகர்: வலது பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் இடது பக்கம் போகிறதே?

வலது பக்கம் சாய்க்கும்போது இடது இறக்கையில் கீழிறங்கும் எய்லிரான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) காற்றில் கூடுதலாக இழுபடுகிறது. மேலே 12 மி.மீ., கீழே 7 என்று வையுங்கள். இரண்டு சர்வோவும் தனித்தனிச் சேனலில் இருந்தால் ரேடியோவிலேயே இந்த மேல்-கீழ் வித்தியாசத்தை (டிஃபரன்ஷியல்) வைக்கலாம். இரண்டையும் ஒரே சேனலில் இணைக்கும் ஒய் கேபிளில் ஆகாது.

உடுமலை வாசகர்: ஆடிக் காத்துல கீழ எறக்கறப்ப 'டர்ர்ர்'னு சத்தம் வருதுங்க. காத்துனாலயா?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின்மேல் பழி போடாதீர்கள். எதிர்காற்றில் திரும்பி வர, முழு த்ராட்டிலோடு மூக்கைத் தாழ்த்துகிறீர்கள். வேகம் கூடி, லொடலொடக்கும் எய்லிரான் அதிர்கிறது. ஃபிளட்டர் என்பது இதுதான். சத்தம் கேட்ட நொடியே த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை மெதுவாகத் தூக்கி, இறக்கிவிடுங்கள். தரையில் கரண்ட் கொடுத்துவிட்டு எய்லிரான் விளிம்பை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஹார்ன் துளை அகன்றிருக்கும், அல்லது கீல் விட்டிருக்கும். மெல்லிய நீளக் கம்பி வளைந்தாலும் இதே கதைதான். நடுவில் ஒரு தாங்கு வையுங்கள். ஒரே ஒரு அதிர்விலேயே சர்வோ பல் உடைந்திருக்கலாம், அதையும் பார்க்காமல் மறுபடி பறக்கவிட வேண்டாம்.