ஆலுவா விதைப்பண்ணைக்கு ஒருநாள் பயணம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தென்னையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கிறோம். கொச்சி பக்கம் ராஜா காலத்துப் பண்ணை ஒன்று இன்னும் நடக்கிறதாமே? அப்பாவையும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்வர முடியுமா?

பதில்: தாராளமாக. ஒலவக்கோட்டில் (பாலக்காடு ஜங்ஷன்) காலை ரயிலைப் பிடித்தால் ஆலுவாவுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். நீங்கள் கேட்பது பெரியாற்றுத் துருத்தில், அதாவது ஆற்றிடைத் தீவில், இருக்கும் அரசு விதைப்பண்ணை. 1919-ல் திருவிதாங்கூர் மன்னராட்சியில் தொடங்கியது. மெட்ரோ ரயில் ஓடுகிற ஊரில், 13.5 ஏக்கரில் இன்றும் விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் நடக்கிறது.

பையனிடம் பூங்கா என்று சொல்லிவிடாதீர்கள், ஊஞ்சலைத் தேடுவான். வாத்தைக் காட்டுங்கள். குட்டநாட்டு வாத்து வயலில் இறங்கிப் பூச்சியையும் நத்தையையும் தின்னும், எச்சம் உரமாகும். காசர்கோடு குள்ளப் பசு அவன் உயரம்தான் இருக்கும். பால் கொஞ்சம்தான், அதை வளர்ப்பது சாணத்துக்காக. ரசாயன உரம், பூச்சிமருந்து இரண்டும் அங்கே கிடையாது. 2022 டிசம்பரில் இந்தியாவின் முதல் கார்பன் சமநிலைப் பண்ணை, அதாவது வெளிவிடும் கார்பனைத் தானே ஈடுகட்டும் பண்ணை, என்று அறிவித்தார்கள். ஓராண்டில் வெளியான கார்பன் 43 டன், மண்ணும் மரமும் பிடித்துவைத்தது 213 டன் என்பது கணக்கு. அந்த எண்ணைவிட வாத்துதான் பையனுக்கு நினைவிருக்கும், சரிதான்.

ஞாயிறு வேண்டாம். ஆளில்லாத வயலில் பார்க்க என்ன இருக்கிறது? வேலைநாளில் போங்கள், பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் குடி முழுகாது. முந்தின நாளே பண்ணை அலுவலகத்துக்குப் போன் செய்து அனுமதி கேட்டுவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தவிர்ப்பது நல்லது. பெரியாறு பெருகினால் என்ன ஆகும் என்பதை 2018-ல் ஆலுவா பார்த்துவிட்டது. சிவராத்திரி அன்று மணப்புறத்துக்கு (பெரியாற்று மணல்திட்டு) வரும் கூட்டத்தில் ஸ்டேஷனை விட்டு வெளியே வரவே பாடுபடுவீர்கள்.

அப்புறம், அப்பா விதை கேட்பார் என்று தெரியும். ரக்தசாலி, ஞவரை போன்ற பழைய நெல் ரகங்களை அங்கே காப்பாற்றி வருகிறார்கள். கையிருப்பு இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். கிடைத்தால் முதலில் பத்து சென்ட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஞவரை சீக்கிரம் விளையும், ஆனால் தண்டு மெலிசு. வழக்கம்போல் யூரியா போட்டால் கதிர் வருமுன்பே சாய்ந்துவிடும்.