பெண் பிள்ளைகளுக்கான கோடைக்கால இசை முகாமில் மகளைப் பார்க்கப் போகும்போது பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்? அப்பாவும் போகலாமா?

என் மகள் போனது ராக் பேண்ட் வகை முகாமுக்கு, அதை வைத்துத்தான் சொல்கிறேன். இந்த வகை முகாம்களுக்கு முன்னோடி, 2001-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தொடங்கிய 'ராக் அண்ட் ரோல் கேம்ப் ஃபார் கேர்ள்ஸ்'. வாத்தியத்தைத் தொட்டே பார்க்காத பெண்கள்கூட பேண்டாகச் சேர்ந்து, வாரக் கடைசியில் தாங்களே எழுதிய பாட்டோடு மேடையேறுவார்கள். சொல்லிக்கொடுப்பதும் பெண்கள், ஆம்ப்பை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, தூக்கி வைத்து கேபிள் சுற்றுவதும் பெண்கள். ஆணும் பெண்ணுமாக இருக்கிற இடத்தில் ட்ரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் பையன்கள் கைக்குப் போய், பெண்ணிடம் மைக்கை நீட்டிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வார நடுவில் போனால் பாட்டு கேட்காது, சத்தம்தான் கேட்கும். பயப்படாதீர்கள். நான் போனபோது ட்ரம்ஸ் வாசித்த பெண் பல்லவி வந்தாலே வேகமெடுத்துக்கொண்டிருந்தாள். பேஸ் கிட்டாரோடு நின்ற என் மகளுக்கு மொத்தமே இரண்டு ஸ்வரம்தான். அதையும் தவறவிட்டுவிட்டு, தாளம் பிடிக்க, ட்ரம்ஸை மிதிக்கும் அந்தப் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் குறுக்கே வரவில்லை. பாட்டு தானாக நின்றதும், "யாரு முதல்ல ஓடினது?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டு, இனி நாலு எண்ணிவிட்டுத்தான் பல்லவி என்று அவர்களே முடிவு செய்தார்கள். நீங்களும் இதைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சியாளரே கிட்டாரை வாங்கி வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தால் எனக்கு அந்த முகாம் மீது அவ்வளவு நம்பிக்கை வராது.

அடுத்தது காது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான ஒரு பிரபலமான வரம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறையில் ட்ரம்ஸ் அந்த அளவைச் சுலபமாகத் தொட்டுவிடும். எனவே பிள்ளைகள் காதில் அடைப்பானோ காதுக்கவசமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

விரல் நுனி சிவந்திருந்தால் பதறாதீர்கள். கம்பி வாத்தியம் புதிதாகப் பழகும் யாருக்கும் அப்படித்தான், சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். கொப்புளம் வந்திருந்தால் உடைக்க வேண்டாம், ஓய்வு கொடுத்தால் போதும்.

போனதும் "எங்கே, ஒரு பாட்டு வாசி பார்க்கலாம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பிள்ளை சுருங்கிப்போகும். ஆம்ப்பை எப்படி இயக்குவது என்று கேட்டுப் பாருங்கள். என் மகள், "அம்மா, வால்யூமைச் சுத்தமா குறைச்சிட்டுத்தான் ஜாக்கைச் செருகணும், இல்லேன்னா டப்புனு அடிக்கும்" என்று என்னை நகரச் சொல்லிவிட்டு அவளே செய்து காட்டினாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. யார் எந்த வரியை எழுதினார்கள், எதற்குச் சண்டை வந்தது என்று எல்லாக் கதையும் வந்தது.

அப்பா போகலாமா என்பதை அந்தந்த முகாமில்தான் கேட்க வேண்டும். பெண்களுக்கான முகாம் என்பது பங்கேற்பவர்களைக் குறிப்பது. பார்க்க வரும் அப்பாவை வாசலிலேயே நிறுத்துவார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீடியோ எடுக்கலாமா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள், மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அதில் வருவார்களே.

கடைசி நாள் நிகழ்ச்சிக்குத் தம்பி தங்கைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கும் காதுக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இடம் பிடிக்கிற அவசரத்தில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.