கிக் டிரம் ஓயும் இடம்: வாசகர் கேள்வி–பதில்

திருமங்கலம் வாசகர் ஒருவர்: நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்தவன் நான். வயது அறுபத்திரண்டு. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ‘டிரான்ஸ்’ என்று ஒன்றைப் போட்டுக் கேட்கிறான். எனக்கு அது ‘டும் டும்’ என்று ஒரே மாதிரியாகத்தான் காதில் விழுகிறது. ஹவுஸ், டெக்னோ என்று அவன் சொல்லும் மற்றவற்றிலிருந்து இதை எதைக் கொண்டு பிரித்தறிவது?

பதில்: தங்கள் காதில் விழுந்ததில் பிழை ஏதும் இல்லை. நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் கிக் டிரம், அதாவது தாங்கள் சொல்லும் அந்த ‘டும்’, ஒருமுறை விழுவது, ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் என்ற மூன்று மின்னணு நடன இசை வகைகளுக்கும் பொதுவான அடித்தளம். ஆகவே அதைக் கொண்டு இனம் பிரிக்க முடியாது. வேகமும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஹவுஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகளுக்குள் நடக்கிறது. டிரான்ஸ் பெரும்பாலும் 130 முதல் 140 வரை. டெக்னோவோ இரண்டின் எல்லைக்குள்ளும் புகுந்து புறப்படுகிறது.

என் கணிப்பில், டிரான்ஸை அடையாளம் காட்டுவது அந்தக் கிக் டிரம் ஓயும் இடம்தான். பாட்டு தாளத்தோடு மட்டும் தொடங்கும். பிறகு பேஸ் எனும் கீழ்ச்சுர ஒலி சேரும். அதுவும் பல பாடல்களில் கிக் விழாத இடைவெளியில் மட்டும் விழும். அதன் மேல் ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுப்பின்) சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்துக்கொண்டே போகும் சிறு கோர்வை ஒன்று வரும். அதை ஆர்பெஜியோ என்பார்கள். அந்தக் கோர்வை மாறாது, ஆனால் அதன் நிறம் மாறும். முதலில் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பதுபோல மங்கலாக இருக்கும் ஒலியை, ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கூர்மையாக்குவார்கள். இப்படி மூன்று நான்கு நிமிடம் அடுக்கிய பின், கிக்கும் பேஸும் அறவே நின்றுவிடும். நீண்ட கார்டுகளும், அதுவரை முழுதாகக் காட்டாமல் வைத்திருந்த மெட்டும் மட்டும் மிஞ்சும். இந்தப் பகுதிக்குப் பிரேக்டவுன் என்று பெயர். முடிவில் ‘சட சட’ என்று ஒலிக்கும் ஸ்னேர் டிரம் நெருக்கமாக உருண்டு ஏற, நின்றுபோன கிக் அதே மெட்டைத் தாங்கிக்கொண்டு திரும்பி வரும். வேகம் கூடுவதில்லை, சத்தமும் தொடக்கத்தைவிடப் பெரிதாகக் கூடியிருக்காது. ஆனாலும் உடம்பு சிலிர்க்கிறதென்றால், நம்மிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்ததால்தான்.

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பேருந்தில் ஒருநாள் இதை எண்ணிப் பார்த்தேன். 138 வேகத்தில் அமைந்த பாட்டு அது. தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே வந்ததில், ஆவர்த்தனங்கள் எட்டெட்டாகவே கழிந்தன. புதிய ஒலி வருவதோ பழையது விலகுவதோ, எட்டின் முடிவில்தான் நடந்தது. மேற்கத்தியக் கணக்கில் நான்கு எண்ணிக்கை கொண்டது ஒரு பார்; 32 பார் என்பது நமக்குச் சரியாகப் பதினாறு ஆதி தாள ஆவர்த்தனம்; அந்த வேகத்தில் ஏறத்தாழ 56 விநாடி. பிரேக்டவுன் அதையும் தாண்டி நீண்டது. பக்கத்தில் இருந்தவர் “பாட்டு வாத்தியாரா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒலியின் தடிமனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தங்களுக்கு இது எளிதில் பிடிபடும். இரண்டு நாயனம் சேர்ந்து ஒரே சுரத்தைப் பிடிக்கும்போது, இரண்டுக்கும் இடையே உள்ள மயிரிழை வேறுபாட்டால் அந்தச் சுரம் அகன்று கேட்கிறதல்லவா? ரோலண்ட் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த ஜேபி-8000 என்ற சிந்தசைஸரில் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியில்) இருந்த ‘சூப்பர்சா’ என்ற ஒலி அதே வேலையைச் செய்தது; சுருதியில் சற்றுச் சற்று விலக்கி வைத்த ரம்பப்பல் வடிவிலான ஏழு ஒலியலைகளை ஒரே சுரத்தில் ஒன்றாக ஒலிக்க வைத்தது. தொண்ணூறுகளின் இறுதியில் வந்த டிரான்ஸ் மெட்டுகள் பலவற்றின் முழக்கம் அதிலிருந்து வந்ததே. மெட்டுகள் பெரும்பாலும் மைனர் ஸ்கேலில் இருக்கும். நம் கணக்கில் நடபைரவியின் சுரங்கள். ஆனால் கமகம் இல்லை, கார்டுகளே மெட்டை நகர்த்துகின்றன என்பதால் ராகத்தைத் தேடிப் போக வேண்டாம். மெட்டுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதுதான் டெக்னோவிலிருந்து டிரான்ஸ் பிரியும் இடம். டெக்னோ தாளத்தையும் இயந்திர ஒலியின் கரடுமுரட்டையுமே போதும் என்று கொள்ளும். டிஸ்கோவின் பிள்ளையான ஹவுஸில் குரலும் குலுக்கலும் முந்தி நிற்கும்.

உசிலம்பட்டி வாசகர் ஒருவர்: மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் உறுமி அடித்தால் சாமி வருகிறது. டிரான்ஸ் என்ற பெயருக்கும் மெய்மறந்த நிலை என்றே பொருள் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: பெயர் அந்த நிலையைக் குறிப்பதே; விடாது திரும்பி வரும் தாளம் என்ற ஒற்றுமையும் உண்டு. ஆனால் வேலை செய்யும் முறை வேறு. உறுமிக்காரர் சாமியாடியின் காலையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே அடிக்கிறார். அவர் உடம்பு முறுக்கேறும்போது அடியும் நெருங்குகிறது. டிரான்ஸ் பாட்டு முன்கூட்டியே செய்து முடித்தது. கணினியில் பூட்டிய வேகம் எவருக்காகவும் அசையாது. கூட்டத்தைப் பார்ப்பது டிஜே ஒருவர்தான். அவரும் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்து முந்தைய பாட்டோடு தாளம் பிசகாமல் பிணைப்பதன் வழியாகத்தான் கூட்டத்துக்குப் பதில் சொல்ல முடியும். தவிர, ஆடுகளத்தில் எவரும் குறி சொல்வதில்லை.

பசுமலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: டிரான்ஸ் கோவாவில் பிறந்தது என்கிறான் நண்பன்; ஜெர்மனி என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: பந்தயம் கட்டியிருந்தால் பெரும்பங்கு உங்களுக்கே. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக பிராங்க்பர்ட்டில், இந்தப் பெயரோடு இந்த இசை உருவானது. அந்நகரின் ஜாம் அண்டு ஸ்பூன் இரட்டையர் 1992-இல் மறு ஆக்கம் செய்த ‘தி ஏஜ் ஆஃப் லவ்’ இன்றும் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் காட்டப்படுகிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நெதர்லாந்தின் டிஜே டியஸ்டோ வாசித்தபோது டிரான்ஸ் உலகமறிந்த ஒன்றாகிவிட்டது.

ஆனால் நண்பரையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. கோவாவின் அஞ்சுனா கடற்கரை விருந்துகளில் எண்பதுகளிலிருந்தே ஊறிய மின்னிசைப் பழக்கம், தொண்ணூறுகளின் நடுவில் கோவா டிரான்ஸ் என்ற தனிக் கிளையானது. அதன் வழித்தோன்றலே இன்றைய சைடிரான்ஸ். அதில் கார்டுகள் நகர்வது அரிது. பேஸ் பெரும்பாலும் ஒரே சுரத்தில் தம்புராபோல நிற்கும். ‘தகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள்: ‘த’ கிக், ‘கதிமி’ பேஸ். இதை நிமிடத்துக்கு 145 முறை சொல்ல உங்கள் நாக்கு ஒத்துழைத்தால், அந்தக் கிளையின் அடித்தளம் உங்களுக்கு வந்துவிட்டது. நண்பருக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள்: எதைக் கேட்டாலும் ஏழெட்டு நிமிட முழுப் பதிப்பையே கேளுங்கள். வானொலிக்காக மூன்றரை நிமிடமாக நறுக்கிய பதிப்புகளில் முதலில் வெட்டுப்படுவது அந்த மெதுவான அடுக்கல்தான். அது போய்விட்டால் கிக் திரும்பி வந்தாலும் ஒன்றும் தோன்றாது.